மசில் லேப்ல சேர்ந்தாச்சா? முதல் நல்ல ட்ரேஸ் எடுக்குற வழி

அமெரிக்கால மசில் பிசியாலஜி லேப்ல பிஎச்டி சேர்றவங்க குவாலிஃபையிங் எக்ஸாம், முதல் பேப்பர் இதெல்லாம்தான் மைல்கல்லுன்னு நினைப்பாங்க. ஆனா லேப்ல உங்களை ஒரு ஆளா மதிக்க ஆரம்பிக்கிறது நீங்க ஒரு சுத்தமான ஃபோர்ஸ் ட்ரேஸ், அதாவது தசை இழுக்குற விசையை ஸ்க்ரீன்ல கோடா காட்டுற பதிவு, எடுத்த அன்னிக்குத்தான். அனிமல் எதிக்ஸ் ட்ரெயினிங் முடிக்காம எலி பக்கமே விட மாட்டாங்க, அதனால அதை முதல் வாரத்துலயே முடிச்சிடுங்க.

அடுத்தது கரைசல். தசையை உயிரோட வெச்சிருக்குற உப்புக் கரைசலான ரிங்கரைக் கலக்கும்போது கால்சியத்தை கடைசியாத்தான் போடணும், அதுவும் 95% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு கேஸை நல்லா குமிழ் விட்டு பிஎச் 7.4 கிட்ட வந்தப்புறம். முன்னாடியே போட்டா பிஎச் ஏறி இருக்கும், கால்சியம் பாஸ்பேட்டோடயும் கார்பனேட்டோடயும் சேர்ந்து வெள்ளையா கலங்கிடும், அப்படியே கொட்ட வேண்டியதுதான்.

பெரும்பாலும் கையில வர்றது சுண்டெலியோட (மவுஸ்) முழங்காலுக்குக் கீழ இருக்குற ஈடிஎல், சோலியஸ்ங்கற ரெண்டு தசையும். ரெண்டும் பத்து மில்லிகிராம் அளவுதான், ஈடிஎல் வேகமானது, சோலியஸ் மெதுவானது. வெட்டி எடுக்கும்போது ஃபோர்செப்ஸ் டென்டனை (தசைநாண்) தவிர வேற எதையும் தொடக்கூடாது, தசையை ஒரு தடவை கிள்ளிட்டா அந்த நார் செத்துச்சு.

முடிச்சுக்குத்தான் நிறைய நேரம் குடுங்க, யாரும் இதை ஒழுங்கா சொல்லித் தர்றதில்ல. சில்க் நூலை தசையும் டென்டனும் சேர்ற இடத்துக்குப் பக்கத்துல, ஆனா டென்டன் மேலேயே இறுக்கிக் கட்டணும். தளர்ந்தா தசை இழுக்கும்போது முடிச்சு நழுவும், ஸ்க்ரீன்ல மேடு மாதிரி தட்டையா நிக்க வேண்டிய கோடு சரிஞ்சுக்கிட்டே வரும், நீங்க தசை சோர்ந்து போச்சுன்னு நினைச்சுப்பீங்க. ஃபோர்ஸ் அளக்குற கருவில மாட்டினதும் ட்விட்ச் (ஒத்தை மின் துடிப்பால வர்ற ஒரு சின்னச் சுருக்கம்) குடுத்து குடுத்து தசையோட நீளத்தை கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, ஃபோர்ஸ் உச்சத்துக்கு வர்ற நீளம்தான் எல் ஜீரோ. அப்புறம் டெட்டனஸ் (நோய் இல்ல, மின் துடிப்பை வேகமா தொடர்ந்து குடுத்து வர்ற முழுச் சுருக்கம்), ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு நிமிஷமாவது ரெஸ்ட் விடுங்க, அவசரப்பட்டா டேட்டாவே பொய் சொல்லும்.

முடிஞ்சதும் டென்டனை வெட்டிட்டு, ஃபில்டர் பேப்பர்ல லேசா ஒத்தி எடை பாருங்க. எடையை நார் நீளத்தாலயும் 1.06 அடர்த்தியாலயும் வகுத்தா குறுக்குவெட்டுப் பரப்பு. ஈடிஎல்ல நார் நீளம் எல் ஜீரோல 0.44 பங்கு. எடை 10 மில்லிகிராம், எல் ஜீரோ 13 மில்லிமீட்டர், ஃபோர்ஸ் 380 மில்லிநியூட்டன் வந்துச்சுன்னா, ஃபோர்ஸை அந்தப் பரப்பால வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 23 நியூட்டன் சொச்சம். இருபதுக்கு மேல வந்தா சந்தோஷப்படுங்க, பத்துன்னு வந்தா நோய் மாடல்னு கதை கட்டாம முதல்ல முடிச்சையும் ஆக்சிஜனையும் பாருங்க.

இது கைக்கு வந்தப்புறம்தான் எம்டிஎக்ஸ் எலி மாதிரி விஷயங்களுக்குப் போகணும். எம்டிஎக்ஸ்ங்கறது தசைச்சிதைவு நோய்க்கான மாடல் எலி. தசை நாரைக் காப்பாத்துற டிஸ்ட்ரோஃபின்ங்கற புரதம் இல்லாத அந்த ஈடிஎல்லை சுருங்கும்போதே இழுத்து நீட்டினா ஃபோர்ஸ் சரசரன்னு விழும், நார்மல் எலில அந்தளவு விழாது. எந்தக் கூண்டுல எது இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதபடி வேற ஒருத்தர நம்பர் போடச் சொல்லிடுங்க, அனாலிசிஸ் முடியுற வரைக்கும் கேக்காதீங்க.

கமிட்டி மீட்டிங்குக்கு பார் கிராஃப் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. ரா ட்ரேஸ் ரெண்டு மூணு முன்னாடியே வைங்க, பழைய ப்ரொஃபசருங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க.