யூரோவிஷனுக்கு காத்திருக்கீங்களா? நான் பண்ணின தப்பையெல்லாம் நீங்களும் பண்ணாதீங்க

மே மாசம் வந்தா எங்க வீட்ல எல்லாரும் அக்னி நட்சத்திரத்தை பத்தி புலம்புவாங்க, நான் மட்டும் மால்டா பாட்டு ஃபைனலுக்கு போகுமா போகாதான்னு புலம்பிட்டு இருப்பேன். யூரோவிஷன் பைத்தியம் அப்படித்தான், பிடிச்சா விடாது. தெரியாதவங்களுக்கு மட்டும் சின்னதா சொல்லிடறேன். ஐரோப்பிய ஒளிபரப்பு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து வருஷா வருஷம் நடத்துற பாட்டுப் போட்டி இது. 1956-ல சுவிட்சர்லாந்து லுகானோல ஏழே நாட்டோட ஆரம்பிச்சு, 2025 பாசல்ல 37 நாடு கலந்துக்கிச்சு. நாட்டுக்கு ஒரு புதுப் பாட்டு, மூணு நிமிஷத்தை தாண்டக்கூடாது, மேடையில ஆறு பேருக்கு மேல ஏறக்கூடாது, மெயின் பாடகர் லைவா தான் பாடணும். வாத்தியம் வாசிக்கிற மாதிரி தெரியறதெல்லாம் சும்மா ஆக்டிங், அது ரெக்கார்டிங்ல ஓடும்.

நம்மூர்ல இருந்து பாக்கறவங்க பண்ற முதல் தப்பு தேதில. ஃபைனல் சனிக்கிழமை ராத்திரி 9 மணின்னு போட்டிருக்கும், அது அவங்க ஊர் டைம். நமக்கு அப்போ மணி 12.30 ஆகி ஞாயித்துக்கிழமையே பொறந்திருக்கும். செமி ஃபைனலும் இதே கதை தான், செவ்வாய்னு சொன்னா நமக்கு புதன், வியாழன்னு சொன்னா வெள்ளி. நான் முதல் வருஷம் என்ன பண்ணேன்னா "சனிக்கிழமை 12.30"-ன்னு போன்ல அலாரம் வச்சு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ளாஸ்க்ல காபி, பக்கத்துல முறுக்கு டப்பா, லேப்டாப் சகிதம் உக்காந்து ஒரு மணி வரைக்கும் யூடியூப் பேஜை ரிஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தேன். அம்மா தண்ணி குடிக்க எழுந்து வந்து "யார் கூடடா சாட் பண்ற இந்நேரத்துல"ன்னு கேட்டாங்க, என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. அடுத்த நாள் உண்மையான ஃபைனலுக்கு தூங்கிட்டேன்.

இதுல வேடிக்கை என்னன்னா நான் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி முழிச்சிருந்த அதே நேரத்துல அங்க ஹால்ல நிஜமாவே ஷோ ஓடிட்டு தான் இருந்துச்சு. அதுக்கு பேரு ஜூரி ஷோ. டிவில வராது. ஒவ்வொரு நாட்டு ஜூரியும், அதாவது இசைத்துறை ஆளுங்க குழுவும், மார்க் போடறது அந்த முந்தின நாள் ஷோவை பாத்துட்டு தான், சனிக்கிழமை நாம பாக்கறதை பாத்து இல்ல. இது தெரியாம தான் பாதி பேரு "அந்தப் பொண்ணு அவ்ளோ அருமையா பாடுச்சு, ஜூரிக்கு காது கேக்கலையா"ன்னு குதிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை தொண்டை கட்டி இருந்தா சனிக்கிழமை குயில் மாதிரி கூவினாலும் ஜூரி பாயிண்ட் ஏறாது, அது ஏற்கனவே எழுதி கவர்ல போட்டாச்சு.

சரி, இப்போ பெரிய தப்புக்கு வரேன், எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் இதுல தான். பிப்ரவரி மார்ச்ல பாட்டெல்லாம் ஒவ்வொண்ணா வரும், ஸ்டூடியோ வெர்ஷனை இயர்ஃபோன்ல பத்து தடவை கேட்டுட்டு "இது தான் ஜெயிக்கும், எழுதி வச்சுக்கோ"ன்னு சத்தியம் பண்றது. அப்படி பண்ணாதீங்க. கேக்கற பாட்டு வேற, மேடையில மூணு நிமிஷம் பாக்கற பாட்டு வேற. 2014 கோபன்ஹேகன்ல நெதர்லாந்து அனுப்பின தி காமன் லினெட்ஸ் ஜோடியை ரிகர்சல் ஆரம்பிக்கிற வரைக்கும் பெருசா யாரும் கண்டுக்கல, அமைதியான ஒரு கன்ட்ரி பாட்டு, அவ்ளோ தான். மேடையில ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு பாடினதை கேமரால பாத்ததும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க, கடைசில ரெண்டாவது இடம். 2018 லிஸ்பன்ல சைப்ரஸ் எலெனி ஃபுரெய்ராவும் அப்படித்தான், ரிகர்சலுக்கு அப்புறம் தான் அந்தம்மா பக்கம் காத்து திரும்புச்சு, அவங்களும் ரெண்டாவது. தலைகீழாவும் நடக்கும். 2017-ல இத்தாலி ஃபிரான்செஸ்கோ கப்பானி தான்னு மாசக்கணக்கா ஊரே சொல்லிட்டு இருந்துச்சு, அவருக்கு கிடைச்சது ஆறாவது இடம். அந்த வருஷம் ஜெயிச்சது போர்ச்சுகல் சால்வடோர் சோப்ரால், டான்ஸ் இல்ல, நெருப்பு இல்ல, ஆடியன்ஸ் நடுவுல ஒரு சின்ன வட்ட மேடையில நின்னு போர்ச்சுகீஸ்ல மெதுவா பாடிட்டு போனாரு, 758 பாயிண்ட். 1964-ல இருந்து வந்துட்டு இருந்த நாட்டுக்கு அது தான் முதல் ஜெயம்.

பெட்டிங் ஆட்ஸை, அதாவது யார் ஜெயிப்பாங்கன்னு பந்தயக்காரங்க போடற கணக்கை, வேதவாக்கா எடுத்துக்கறதும் இதோட சேர்ந்த தப்பு தான். சில வருஷம் சரியா சொல்லும், ஒத்துக்கறேன், 2022-ல உக்ரைனை சொன்னாங்க, உக்ரைன் தான் ஜெயிச்சுது. ஆனா 2025-ல சுவீடன் அனுப்பின காய் (KAJ) குழு தான் முன்னாடி இருந்தாங்க, ஃபின்லாந்து ஆளுங்க மூணு பேரு, சானாங்கற சூடான அறைக் குளியலை பத்தி ஒரு ஜாலி பாட்டு, எனக்கும் அது ரொம்ப புடிக்கும், மேடையிலயே சானா ரூம் போட்டு கலக்கினாங்க. வந்தது நாலாவது. ஜெயிச்சது ஆஸ்திரியாவோட ஜேஜே, ஓபரா குரல்ல உச்சத்துக்கு போயி கடைசில டெக்னோல முடிக்கிற பாட்டு.

அடுத்த தப்பு, பாயிண்ட் எண்ணிக்கை எப்படி நடக்குதுன்னு தெரியாம ஃபைனல் பாக்கறது. ரூல்ஸ் தெரியாம கிரிக்கெட் பாத்துட்டு அம்பயரை திட்டற மாதிரி தான் இது. ஒவ்வொரு நாடும் ரெண்டு செட் பாயிண்ட் குடுக்கும், ஒண்ணு ஜூரியோடது, இன்னொண்ணு ஜனங்க போன்லயும் ஆன்லைன்லயும் போடற ஓட்டு, இதுக்கு பேரு டெலிவோட். ரெண்டுலயும் முதல் பத்து பாட்டுக்கு தான் மார்க், முதல் இடத்துக்கு 12, அடுத்தது 10, அப்புறம் 8-ல இருந்து ஒண்ணு வரைக்கும். பதினோராவதா வந்தா சைபர். இதை மண்டையில ஏத்திக்கோங்க. ஏன்னா "டெலிவோட்ல சைபர்"னு வந்ததும் "ஒருத்தன் கூட ஓட்டு போடலையா, பாவம்"னு எல்லாரும் எழுதறாங்க, அது தப்பு. லட்சம் பேர் ஓட்டு போட்டிருக்கலாம், எந்த நாட்லயும் முதல் பத்துக்குள்ள வரல, அவ்ளோ தான் அர்த்தம். 2025-ல போட்டியை நடத்தின சுவிட்சர்லாந்துக்கே ஜூரில 214, ஜனங்ககிட்ட சைபர். சொந்த ஊர் ஹால்ல, அந்தப் பொண்ணு ஜோயி மே சிரிச்சிட்டே நின்னுச்சு, எனக்கு தான் தாங்கல. சொந்த நாட்டுக்கு ஓட்டு போட முடியாதுங்கறதும் இங்க ஞாபகம் வச்சுக்கணும்.

இன்னொண்ணு, எல்லா நாட்டுக்கும் ஒரே வெயிட் தான். எட்டு கோடி பேர் இருக்கிற ஜெர்மனியோட 12-ம் நாலு லட்சம் பேர் இருக்கிற ஐஸ்லாந்தோட 12-ம் ஒண்ணு தான். அதனால யூடியூப் வியூஸை காட்டி "இது கோடி தாண்டிடுச்சு, கப் உறுதி"ன்னு பேசறது வீண். வியூ முழுக்க ரெண்டு பெரிய நாட்ல இருந்து வந்திருந்தா அதுக்கு கிடைக்கப் போறது ரெண்டு 12, அவ்ளோ தான். முப்பது நாட்ல அஞ்சாவது இடம் வர்ற பாட்டு அதை ஓரமா தள்ளிட்டு போயிடும்.

ஜூரில ஜெயிச்சவங்க தான் ஜெயிப்பாங்க, இல்லன்னா ஜனங்ககிட்ட ஜெயிச்சவங்க தான் ஜெயிப்பாங்கன்னு நினைக்கிறதும் ஆகாது. 2016 ஸ்டாக்ஹோம் தான் இதுக்கு பாடம். ஜூரில முதல் இடம் ஆஸ்திரேலியா டாமி இம், 320. டெலிவோட்ல முதல் இடம் ரஷ்யா செர்கே லாசரெவ், 361. கப்பை தூக்கிட்டு போனது ரெண்டுலயும் ரெண்டாவது வந்த உக்ரைன் ஜமாலா, மொத்தம் 534. 2023 லிவர்பூல்ல நேர்மாறா ஒரு ரகளை. பின்லாந்து கேரியா, பச்சை கலர் ஜாக்கெட் போட்ட அந்த ஆளு, ஜனங்ககிட்ட 376 வாங்கினாரு, சுவீடன் லோரீனுக்கு 243 தான். ஆனா ஜூரி லோரீனுக்கு 340-ம் இவருக்கு 150-ம் குடுத்திருந்தாங்க, 583-க்கு 526, லோரீன் ஜெயிச்சாச்சு. ஹால் முழுக்க அந்தாளு பேரை கத்திட்டு இருக்கு, கப்பு வேற கைக்கு போகுது. அந்த காலை 4.30 மணிக்கு நான் எழுதின கமென்ட்டை எல்லாம் இப்போ படிச்சா எனக்கே கூச்சமா இருக்கு. அதுவும் ஒரு தப்பு தான், சொல்லிடறேன், தோத்த கோவத்துல ஜெயிச்ச பாடகரோட பேஜ்ல போயி திட்டாதீங்க, மார்க் போட்டது அவங்க இல்ல.

அந்த எண்ணிக்கையோட கடைசி அரை மணி நேரத்துல டென்ஷன் ஆகி டிவியை ஆஃப் பண்றவங்களும் இருக்காங்க. 2019-ல இருந்து டெலிவோட் பாயிண்ட்டை ஜூரி லிஸ்ட்ல கடைசில இருக்கிற நாட்ல ஆரம்பிச்சு மேல ஏறி சொல்லிட்டு வருவாங்க, ஜூரில முதல் இடம் வந்தவங்களுக்கு தான் கடைசில. அதனால ஸ்கோர்போர்டுல பாதில யார் மேல இருக்காங்கங்கறதுக்கு மதிப்பே இல்ல.

பக்கத்து வீட்டு ஓட்டு பத்தி ஒரு வார்த்தை. கிரீஸ் சைப்ரஸுக்கு 12, சைப்ரஸ் கிரீஸுக்கு 12, இது பொங்கலுக்கு கரும்பு மாதிரி, வரலைன்னா தான் ஆச்சரியம். அதுக்காக எல்லாமே அரசியல்னு சொல்லி நகர்றது சோம்பேறித்தனம். போர்ச்சுகலுக்கு நிலத்துல ஒட்டின பக்கத்து நாடு ஸ்பெயின் ஒண்ணு தான், அது ஜெயிக்கலையா. பக்கத்து வீட்டுக்காரன் ஃபைனல்ல அடி வாங்காம பாத்துப்பான், கப் வாங்கி குடுக்க மாட்டான். அரசியலே இல்லன்னும் சொல்ல வரல, 2026 வியன்னாவுக்கு இஸ்ரேல் வர்றதை எதிர்த்து ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து அஞ்சும் விலகிட்டாங்க, ஏழு தடவை ஜெயிச்ச அயர்லாந்தே வரலைன்னா பாத்துக்கோங்க.

பழைய ரூலை வச்சிட்டு இந்த வருஷத்தை கணக்கு போடறதும் நிறைய நடக்குது. 2023-ல இருந்து 2025 வரைக்கும் செமில ஜனங்க ஓட்டு மட்டும் தான், 2026-க்கு ஜூரியை மறுபடி செமிக்கு கொண்டு வந்தாங்க. ஒரு ஆள் போடக்கூடிய ஓட்டும் 20-ல இருந்து 10 ஆச்சு. நம்மள மாதிரி போட்டில இல்லாத நாட்டுக்காரங்களும் 2023-ல இருந்து ஆன்லைன்ல காசு கட்டி ஓட்டு போடலாம், உலகத்துல மிச்சம் இருக்கிற எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு நாடா கணக்கு. நூத்து நாப்பது கோடி பேர்னு மார் தட்ட வேண்டாம், ஐஸ்லாந்து கதையை இப்ப தான் சொன்னேன்.

நேர்ல போற பிளான் இருந்தா டிக்கெட்டை நல்லா படிச்சு பாருங்க. மூணு லைவ் ஷோ, ஒவ்வொண்ணுக்கும் முந்தின நாள் ராத்திரி ஒண்ணு, அதே நாள் மத்தியானம் ஒண்ணுன்னு மொத்தம் ஒன்பது ஷோவுக்கு டிக்கெட் விக்கறாங்க. ஜூரிக்ல இருக்கிற என் சித்தி பையன் பாசல் ஃபைனலுக்கு டிக்கெட் கிடைச்சிடுச்சுன்னு எனக்கு போட்டோ அனுப்பினான், சனிக்கிழமை தேதி, எல்லாம் சரி, நேரம் மட்டும் மத்தியானம். சொன்னா கேக்கல. டிரெயின் புடிச்சு போயிட்டான், ஒரு மணி நேர தூரம் தானே. ஷோ அப்படியே ஃபைனல் மாதிரியே தான் இருக்கும், எல்லா பாட்டும் இருக்கும், கடைசில ரிகர்சலுக்காக பொய் மார்க் போட்டு ஒரு ரிசல்ட்டும் சொல்லுவாங்க. இவன் அதை நிஜம்னு நம்பி வின்னர் யாருன்னு ஃபேமிலி குரூப்ல போட்டுட்டான், சித்தி வாழ்த்து வேற சொல்லிட்டாங்க. டிக்கெட்டே கிடைக்கலைன்னாலும் கவலைப்படாதீங்க, பாசல்ல அந்த ஃபைனல் ராத்திரி ஹால் பக்கத்துல இருக்கிற ஃபுட்பால் ஸ்டேடியத்துல 36,000 பேர் பெரிய ஸ்கிரீன்ல பாத்தாங்க, ஹாலுக்குள்ள இருந்தவங்களை விட அங்க தான் கூட்டம்.

கடைசியா, முழிக்க முடியாதவங்களுக்கு. காலைல எழுந்து நிதானமா பாத்துக்கலாம்னு விட்டா ஞாயித்துக்கிழமை 7 மணிக்கு யூடியூபை தொறந்ததும் கப்பை தூக்கிட்டு அழற முகம் தான் முதல் படமா வரும், ஸ்பாய்லர்ல தப்பிக்க வழியே இல்ல. போனை ஏர்பிளேன் மோட்ல போட்டுட்டு படுங்க, எழுந்ததும் லேப்டாப்ல முழு ஷோவோட லிங்க்கை தேடி எடுத்து தர வீட்ல யாரையாவது கேளுங்க, யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லி வைங்க. எங்கம்மாகிட்ட போன தடவை அப்படித்தான் கேட்டேன். எடுத்து வச்சுட்டு, இட்லி ஊத்த போகும்போது திரும்பி பாத்து "அந்த ஒல்லிப் பையனா ஜெயிச்சான், நல்லா தான்டா பாடினான்"னு சொல்லிட்டு போனாங்க.