பழைய காரின் ஆட்டோ டிம்மிங் மிரர்: கையைச் சுட்டுக்கொள்ளும் இடங்கள்

திண்டிவனம் தாண்டி, இரவு பத்து மணிக்கு மேல் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தபோதுதான் என் காரின் உள் மிரர் வேலை செய்யவில்லை என்பது உறைத்தது. பின்னால் ஒரு ஆம்னி பஸ், ஹைபீமை இறக்கவே இல்லை. வழக்கமாகச் சில நொடிகளில் நீலப் பச்சையாக மங்கிவிடும் மிரர், அன்று முழு வெளிச்சத்தையும் அப்படியே என் கண்ணில் அடித்தது. மறுநாள் காலையில் பார்த்தால், மிரரின் கீழ் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பழுப்புக் கறை. அழுக்கு என்று ஈரத் துணியால் துடைத்தேன், போகவில்லை. கறை கண்ணாடியின் மேல் இல்லை, உள்ளே இருந்தது.

சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். இரண்டு மாதம் கழித்து, சித்திரை வெயிலில் நின்ற காரைத் திறந்தால் கியர் கன்சோலில் பிசுபிசுவென்று ஒரு சொட்டு. அதைத் துடைத்தபோது பிளாஸ்டிக்கின் மேல்பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. மிரரை மாற்ற ஆகும் செலவைவிட அந்தக் கன்சோலுக்கான செலவு அதிகம். அதன் பிறகு என் காரிலும் நண்பர்களின் கார்களிலுமாகச் சில மிரர்களை மாற்றியாயிற்று. ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர், பல நேரம் நானே, ஏதாவது ஒரு தவறு செய்திருக்கிறோம்.

முதலில் இந்த மிரர் என்ன என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே விலகிவிடும். இது ஒரே கண்ணாடி இல்லை. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் மெல்லிய இடைவெளி, அந்த இடைவெளியில் மின்சாரம் பட்டால் நிறம் மாறும் ஒரு ஜெல். தகடுகளின் உட்பக்கத்தில் ஒளியை ஊடுருவ விட்டு, மின்சாரத்தையும் கடத்தும் பூச்சு இருக்கும். சுமார் 1.2 வோல்ட் கொடுத்தால் ஜெல் கறுக்கும், நிறுத்தினால் தெளியும். இதற்கு இரண்டு கண்கள் உண்டு. ஒன்று முன்கண்ணாடியைப் பார்த்து, வெளியே இருட்டா வெளிச்சமா என்று கவனிக்கும். மற்றது உங்களைப் பார்த்த பக்கத்தில், பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை அளக்கும். வெளியே இருட்டு, பின்னால் மட்டும் வெளிச்சம் என்றால் மிரர் மங்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஜென்டெக்ஸ் நிறுவனம் 1987-ல் இந்த வகை மிரரைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் தொடங்கியது புகை கண்டறியும் கருவிகளில் என்பது சுவாரசியமான செய்தி. அங்கேயும் ஒளியை உணரும் வேலைதான்.

வயதாகும் இடம், தகடுகளைச் சுற்றி அடைத்திருக்கும் ஓரப் பிசின். ஆண்டுக்கணக்காக வெயிலில் வெந்து அது விட்டுக்கொடுத்தால், ஜெல் கசியும் அல்லது உள்ளே காற்று போய்க் குமிழி விடும். இப்படி ஆன மிரரைச் சரிசெய்ய வழி இல்லை, மாற்றத்தான் வேண்டும். ஆனால் மிரர் மங்கவில்லை என்பதாலேயே அது கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

சோதிக்காமலே மாற்றுவது

கறை இல்லை, குமிழி இல்லை, ஆனால் மங்கவும் இல்லை என்றால் உடனே கழற்றாதீர்கள். இக்னிஷனை ஆன் செய்து, முன்பக்கக் கண்ணைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். பிறகு மொபைல் டார்ச்சை உங்கள் பக்கத்துக் கண்ணில் நேராக அடியுங்கள். சில நொடிகளில் மிரர் கறுக்க வேண்டும். டார்ச்சை அணைக்காமலே ரிவர்ஸ் கியர் போட்டால் உடனே தெளியத் தொடங்க வேண்டும், ஏனென்றால் ரிவர்ஸ் எடுக்கும்போது மங்கக் கூடாது என்று தனியாக ஒரு வயர் வந்து சொல்லும். இரண்டும் நடந்தால் மிரர் நன்றாகவே இருக்கிறது, பிரச்சினை வேறெங்கோ.

வேறெங்கே? என் நண்பர் ஒருவருக்குப் பட்டப்பகலில் மிரர் கறுத்துக்கொண்டே இருந்தது. புது மிரருக்கு விலை விசாரித்து முன்பணம் கொடுக்கும் நிலைக்கே வந்துவிட்டார். காரணம் ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரியில் அது எல்லா நான்கு சக்கர வண்டிகளுக்கும் கட்டாயமான பிறகு, மிரருக்குப் பின்னால் முன்கண்ணாடியில் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அவருடைய ஸ்டிக்கர் முன்பக்கக் கண்ணைச் சரியாக மறைத்திருந்தது. பாவம், மிரர் எப்போதும் இரவு என்றே நினைத்துக்கொண்டிருந்தது. நேர்மாறாக, பின்கண்ணாடியில் அடர்த்தியான சன் ஃபிலிம் இருந்தால் பின்னால் வரும் வெளிச்சம் இரண்டாவது கண்ணுக்குப் போதாமல் மிரர் மங்காது. மிரரில் தொங்கவிடும் பொம்மை, சாமி படம், டேஷ்கேம் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

இதையும் பார்த்தாயிற்று என்றால் ஃப்யூஸ். அதுவும் சரியென்றால் மிரருக்கு வரும் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து, இக்னிஷன் ஆனில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். ரிவர்ஸ் வயரில் எப்போதும் 12 வோல்ட் நின்றால், கார் எப்போதும் ரிவர்ஸில் இருப்பதாக மிரர் நினைக்கும், மங்கவே மங்காது. ரிவர்ஸ் லைட் சுவிட்ச் சிக்கிக்கொண்ட பழைய கார்களில் இது நடக்கும். அப்போது பின்பக்க ரிவர்ஸ் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும், எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கசிவை அழுக்காக நினைப்பது

கசிவு தெரிந்த அன்றைக்கே மிரரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் கியர் கன்சோல், லெதர் சீட், ரேடியோ பட்டன்கள் தப்பிக்கும். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கைத் தின்னும், தோலில் பட்டால் எரிச்சல் தரும். கையுறை போடாமல் தொடாதீர்கள், குழந்தைகளை முன் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். சொட்டு விழுந்துவிட்டால் தேய்க்காமல் முதலில் ஒற்றி எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் எல்லாம் மிச்சமிருக்கும் பூச்சையும் கழற்றிவிடும்.

பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது என்று வாங்குவது

சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் உங்கள் மாடலின் மிரர் கிடைத்துவிடும். கடைக்காரர் "அதே பீஸ்தான் சார், போட்டா ஓடும்" என்பார். வெளித்தோற்றம் அதேதான் இருக்கும். கனெக்டரில் எத்தனை பின் என்று பாருங்கள். சாதாரண ஆட்டோ டிம்மிங் மிரருக்குப் பாசிட்டிவ், எர்த், ரிவர்ஸ் என்று மூன்று வயர் போதும். திசைகாட்டி, மைக், அலாரம் விளக்கு, மழை சென்சார் என்று ஒவ்வொன்று சேரும்போதும் வயர் கூடும். சில கார்களில் சாவி ரிமோட்டின் ரிசீவரே மிரருக்குள் இருக்கும். அதைத் தெரியாமல் மாற்றினால் மறுநாள் காலை ரிமோட்டில் கதவு திறக்காது, நீங்கள் சாவியின் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கழற்றிய மிரரின் பின்னால் இருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது ஒன்றே வழி.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று உண்டு. உங்கள் காரின் வெளி மிரர்களும் மங்குமா? மங்கும் என்றால், பல கார்களில் அவற்றுக்குத் தனிக் கண்கள் கிடையாது. உள் மிரர்தான் முடிவெடுத்து, அந்த 1.2 வோல்ட்டை வெளியேயும் அனுப்பும். வெளி மிரர்களை ஓட்டாத ஓர் உள் மிரரை மாட்டினால் நடு மிரர் மங்கும், பக்கத்து மிரர்கள் கண்ணைக் கூசும்.

பழைய காரிலிருந்து கழற்றிய மிரருக்கும் உங்கள் மிரருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது என்பதை மறக்க வேண்டாம். வெயில் வெளிச்சத்தில் ஓரங்களைச் சுற்றிப் பாருங்கள். மஞ்சள் நிழல் தெரிந்தாலே அடுத்த கோடைக்குக் கசியும். கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் கனெக்டர் வழியாக இணைத்து, மேலே சொன்ன டார்ச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆனால் சிலர் செய்வதுபோல, கூட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் கண்ணாடிக்கே 12 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். 1.2 வோல்ட்டில் வேலை செய்யும் பொருள் அது, அந்த ஒரு சோதனையோடு அதன் கதை முடிந்தது. கண்ணாடியை மட்டும் தனியாக வாங்கி மாற்றும் வழியும் இருக்கிறது. கூட்டைச் சூடேற்றி நெம்பிப் பிரிக்கும்போது பழைய பிளாஸ்டிக் உடையும், கசிந்த திரவம் உள்ளிருக்கும் போர்டையும் அரித்திருக்கும். பொறுமையும் முன் அனுபவமும் உள்ளவர்களுக்கான வேலை, முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு யோசனை, கௌரவம் பார்க்காதவர்களுக்கு: கீழே சின்னத் தாழ் வைத்த சாதாரண பகல்-இரவு மிரர். அதன் கண்ணாடி ஆப்பு வடிவில் இருக்கும். தாழைத் தட்டினால் பின்பக்க வெள்ளிப் பூச்சின் பிம்பம் மேலே போய்விடும், முன்பக்கக் கண்ணாடி திருப்பி அனுப்பும் நான்கு சதவீத வெளிச்சம் மட்டும் கண்ணுக்கு வரும். வயரும் இல்லை, ஜெல்லும் இல்லை. வெளி மிரர்கள் மங்காத பழைய காருக்கு இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

முரட்டுத்தனமாகக் கழற்றுவது

மிக அதிகப் பணம் போவது இங்கேதான். மிரர் தொங்கும் உலோகப் பொத்தான் முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பசை சில நேரம் கண்ணாடியைவிட வலுவானது. பிடித்து முறுக்கினால் பொத்தான் வராது, அதைப் பிடித்திருக்கும் கண்ணாடித் துண்டுதான் பெயர்ந்து வரும். பிறகு முழு முன்கண்ணாடியையும் மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு காருக்கும் கழற்றும் முறை வேறு. சிலவற்றில் காம்புக்கு அடியில் நட்சத்திரத் தலை கொண்ட சின்னத் திருகு இருக்கும், அதைத் தளர்த்தி மிரரை மேல்நோக்கித் தள்ள வேண்டும். சிலவற்றில் திருகே இருக்காது, காம்பைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். வேறு சிலவற்றில் உள்ளே ஸ்பிரிங் கிளிப், அதை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அழுத்த வேண்டும். உங்கள் மாடலுக்கு எது என்று தெரியும்வரை கை வைக்காதீர்கள். முதலில் காம்பை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, கனெக்டரைப் பிடுங்குங்கள். வயரோடு மிரரை இழுத்தால் ரூஃப் லைனிங்கும் கூடவே வரும். சென்னை மதிய வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் முன்கண்ணாடியில் ஏசியை முழுதாகத் திருப்பிவிட்டு இந்த வேலையைச் செய்வது விரிசலை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. காலையில், நிழலில் செய்யுங்கள்.

வயரை எங்கே கிடைத்தாலும் தொடுவது

முன்பு ஆட்டோ டிம்மிங் இல்லாத காரில் புதிதாகப் போடுபவர்களுக்கு இது. உள் விளக்கு பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதன் வயரில் கிள்ளி எடுப்பார்கள். அந்த வயரில் இக்னிஷன் ஆஃப் ஆனாலும் மின்சாரம் இருக்கும். ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்தால், ஏற்கெனவே கிழடு தட்டிய பேட்டரி இறங்கிக் கிடக்கும். இக்னிஷன் ஆனில் மட்டும் உயிர் வரும் ஃப்யூஸிலிருந்து தனி ஃப்யூஸ் போட்டு எடுக்க வேண்டும். ரிவர்ஸ் வயரை "அது எதுக்கு சார்" என்று விட்டுவிடும் எலக்ட்ரீஷியன்களும் உண்டு. இரவில் ரிவர்ஸ் எடுக்கும்போது, அதுவும் பின்னால் ஒரு வண்டி விளக்கோடு நிற்கும்போது, அது எதற்கு என்று தெரியும்.

வயரைக் கீழே கொண்டுவரும் வழி பெரும்பாலும் முன் தூண் ஓரம். கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அந்தத் தூண் உறைக்குள்ளும் ஏர்பேக் ஓடும். அதன் குறுக்கே வயரைப் போடக் கூடாது, பின்னால் ஏற்கெனவே இருக்கும் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். உறையைக் கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். அதற்கும் முன்னால், பழைய கார் ஸ்டீரியோக்கள் மின்சாரம் போய் வந்தால் கோட் கேட்கும் என்பதால், அந்தக் கோட் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பசையில் அவசரம்

பொத்தானே விழுந்துவிட்டது என்றால், அது இருந்த இடத்தை முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, பழைய பசையை பிளேடால் வழித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது. வீட்டில் இருக்கும் சூப்பர் க்ளூ வெயிலில் விட்டுவிடும். மிரருக்கென்றே விற்கும் பசை, அதனோடு வரும் ஆக்டிவேட்டர் திரவம், இரண்டும் வேண்டும். ஆப்பு வடிவப் பொத்தானாக இருந்தால் குறுகிய முனை மேலே இருக்க வேண்டும். தலைகீழாக ஒட்டிவிட்டு மிரர் நிற்கவில்லையே என்று திரும்பக் கழற்றியவர்களில் நானும் ஒருவன். ஒட்டிய உடனே மிரரைத் தொங்கவிடாமல் ஒரு நாள் விடுங்கள். ஆட்டோ டிம்மிங் மிரர் சாதாரண மிரரைவிடக் கனமானது.

எல்லாம் முடிந்ததும் இரவில் ஒருமுறை டார்ச் சோதனையையும் ரிவர்ஸ் சோதனையையும் திரும்பச் செய்து பாருங்கள். கழற்றிய பழைய மிரரை "எதுக்காவது உதவும்" என்று டிக்கியில் போட்டுவைக்க வேண்டாம். அது அங்கேயும் கசியும். இரண்டு கவர்களுக்குள் போட்டுக் கட்டி, பழைய மின்னணுப் பொருள்கள் வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.