மாடித்தோட்டம்: பை வாங்கும் முன் நிழலை வரையுங்கள்

மாடித்தோட்டம் என்றதும் எல்லோரும் முதலில் பை வாங்கத்தான் ஓடுகிறார்கள். அதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். எந்தச் செடி எங்கே என்று முடிவானால்தான் எத்தனை பை, என்ன அளவு என்பதே தெரியும். இங்கே 10க்கு 20 அடி மொட்டை மாடியை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: வரைபடம்
கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஓரடி. வடக்கு திசை, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, குழாய், மழைநீர் இறங்கும் துளை எல்லாவற்றையும் குறியுங்கள். தளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது ஓடும் பக்கத்துக்கு அம்புக்குறி போடுங்கள். படி 4இல் இது வேண்டும்.

படி 2: நிழல்
காலை 8, 11, மதியம் 2, மாலை 4 மணிக்கு நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் தரையில் கோடிழுங்கள். 6 மணி நேரம் வெயில் விழும் இடம் தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு. 3, 4 மணி நேரம்தான் என்றால் கீரை, புதினா.

ஆடியில் வரைந்த நிழல் மார்கழிக்கு உதவாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது நண்பகலிலேயே 3 அடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் வடக்குப் பக்கமாக 2 அடிக்கு மேல் விழும், 6 அடிப் பந்தலின் நிழல் சுமார் நாலரை அடி. அதனால் புடல், பீர்க்கு, பாகல் பந்தல் வடக்கு ஓரத்தில்தான். தெற்குச் சுவரடியில் கீரை. பந்தலைத் தெற்கே போட்டால் ஆடியில் ஒன்றும் தெரியாது. கார்த்திகையில் அதன் பின்னால் நிற்கும் தக்காளி ஒல்லியாக நீண்டு, பூ பிடிக்காமல் நிற்கும்.

படி 3: எடை
12 அங்குலப் பை நனைந்தால் 25 கிலோ வரும். பந்தல் செடிக்கான 18 அங்குலப் பை 75 கிலோவைத் தாண்டும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பெரிய பைகளைச் சுவருக்கும் பீமுக்கும் மேலே வையுங்கள், நடுத்தளத்தில் குவிக்காதீர்கள். மரக்கட்டையும் செங்கல்லும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் என்றால் பொறியாளரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

படி 4: வடிகால்
பெரும்பாலான தோட்டங்கள் கெடுவது இங்கேதான். பையை நேராகத் தளத்தில் வைத்தால் அடித்துளை அடைபட்டு வேர் அழுகும், தளமும் காயாது. ஒவ்வொரு பைக்கும் கீழே இரண்டு செங்கல், இடையில் நாலு அங்குல இடைவெளி. செங்கல்லின் நீளவாக்கு உங்கள் அம்புக்குறியோடு போக வேண்டும். குறுக்கே வைத்தால் ஒவ்வொன்றும் குட்டி அணை: பின்னால் வண்டலும் இலையும் தேங்கிப் பாசி பிடித்து, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கும். பையின் துளை செங்கல் மேல் உட்காராமல் பாருங்கள். சந்தேகமிருந்தால் அடியிலிருந்து ஓரங்குல உயரத்தில், பக்கவாட்டில் நான்கு துளை போடுங்கள். மழைநீர்த் துளைக்கு வலைமூடி போட்டு, அதைச் சுற்றி 2 அடியைக் காலியாக விடுங்கள்.

பை வாங்கும்போது வெயில் தாங்கும் எச்.டி.பி.இ. (அடர்த்தி அதிகமான பாலித்தீன்) பையாகவே வாங்குங்கள். மெல்லிய வெள்ளைப் பை இரண்டு கோடை தாங்காது, மண்ணோடு தூக்கும்போது கிழியும்.

படி 5: கலவை
செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்த்தூள் கட்டியை ஊறவைத்து, இரண்டு தடவை தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள். அதிலுள்ள உப்பு போகாவிட்டால் நாற்றின் இலை நுனி கருகும். கலந்து ஈரப்படுத்தி ஒரு வாரம் விட்டு, மேலே 2 அங்குலம் விட்டு நிரப்புங்கள்.

படி 6: எண்ணிக்கை
முதல் பட்டத்துக்கு 20 பை போதும்: வெண்டை 6, தக்காளி 4, கத்தரி 3, மிளகாய் 3, பந்தலுக்கு 2, கீரைக்கு அகலப் பை 2. சுவரோரம் 2 அடிக்கு மேல் அகலம் வேண்டாம், உள்ளே கை எட்டாது.

நிழல்வலை பற்றிப் பலர் கேட்கிறார்கள். சித்திரை, வைகாசிக்கு மட்டும் 50 சதவீத வலை போடுங்கள். ஐப்பசிக்கு முன் கழற்றாவிட்டால் மழைக்காற்றில் வலை பாய்போல் இழுத்து, பந்தல் கம்பத்தையே சாய்த்துவிடும்.