பம்புசெட் கேபிள் திருடுபோனால் புகாரைப் பதிய வைப்பது எப்படி?

குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் செம்புக் கேபிளை அறுத்துப் போயிருந்தால், அன்றைக்கே புகார் எழுதுங்கள். கிராமம், சர்வே எண், மின் இணைப்பு எண், கடைசியாக மோட்டார் ஓடிய நேரம், கேபிளின் நீளம் எல்லாம் வேண்டும்.

மதிப்பை மறக்கவே கூடாது. திருடுபோனது 5,000 ரூபாய்க்குக் குறைவென்றால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. பலர் கேபிளை மட்டும் எழுதி, கூடவே போன ஸ்டார்ட்டரை விட்டுவிடுகிறார்கள். வழக்கு அங்கேயே நின்றுபோகிறது. போனது அத்தனையையும் விலையோடு எழுதி, கடை பில் நகலை இணையுங்கள்.

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். சி.எஸ்.ஆர். ரசீது தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது மனு வந்ததற்கான சான்றுதான், எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தருவது போலீஸின் கடமை. கெஞ்ச வேண்டியதில்லை, கேட்டு வாங்குங்கள்.

வயல் நீடாமங்கலம் எல்லையில், நீங்கள் போனது மன்னார்குடி ஸ்டேஷன் என்றாலும் பதிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசையவில்லையென்றால், பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3)இன்படி மனு போடலாம். அந்த ரசீது இல்லாமல் போனால் மனு நிற்காது.

சாட்சி சொல்பவர் பெண்ணோ 60 வயதைத் தாண்டியவரோ என்றால், ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.