ஐரோப்பிய ஃப்ரீ ஜாஸ் இசைத்தட்டுகள்: எதைத் தேடுவது, எப்படி வாங்குவது

விலையைப் பார்த்து இந்தச் சேகரிப்புக்குள் வராதீர்கள். முதலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள். முன்கூட்டியே வகுத்த மெட்டு, தாளக் கட்டுக்குள் நிற்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ் முதல் தடவை கேட்கும்போது பலருக்கும் சத்தமாகத்தான் படும், பிடிக்காமலேயே போகலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் பிடிக்காத இசையின் தட்டை "அரிது" என்ற ஒரே காரணத்துக்காகப் பெரும்பணம் கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்குவது இந்த இசையைப் படைத்தவர்கள் செய்ததற்கு நேர் எதிரான காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் இந்தத் தட்டுகள் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். 1968 மே மாதம் ஜெர்மனியின் பிரெமென் நகரில் 'லீலா ஓய்லே' என்ற கிளப்பில் சாக்ஸஃபோன் வாசிப்பாளர் பீட்டர் புரோட்ஸ்மான், தன்னையும் சேர்த்து எட்டுப் பேராக 'மெஷின் கன்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். மூன்று சாக்ஸஃபோன், இரண்டு பாஸ், இரண்டு டிரம்ஸ், ஒரு பியானோ. இதை வெளியிட அவர் பெரிய கம்பெனிகளை நம்பி இருக்கவில்லை. 'ப்ரோ' என்று தன் பெயரிலிருந்தே ஒரு லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனம், வைத்து, சுமார் 300 பிரதிகள் மட்டும் போட்டார். ஓவியம் படித்தவர் என்பதால் உறையும் அவர் கைவண்ணம்தான். அந்த 300-ல் எத்தனை இன்று நல்ல நிலையில் இருக்கும், யோசித்துப் பாருங்கள். அடுத்த வருடம், 1969-ல், பெர்லினில் எஃப்.எம்.பி. (ஃப்ரீ மியூசிக் புரொடக்‌ஷன்) தொடங்கியது. யோஸ்ட் கேபர்ஸ், புரோட்ஸ்மான், பீட்டர் கோவால்ட், ஷ்லிப்பன்பாக் எல்லாரும் சேர்ந்து நடத்திய இசைஞர்களின் சொந்த லேபிள் அது. 1970-களின் தொடக்கத்தில் எஃப்.எம்.பி. 0090 என்ற எண்ணில் 'மெஷின் கன்' மறுபடியும் வந்தது. என் யோசனை இதுதான்: 'ப்ரோ' முதல் பதிப்பைக் கனவாகவே வைத்துக்கொள்ளுங்கள், 0090-ஐத் தேடுங்கள். அதுவும் அந்தக் காலத்துத் தட்டுதான், அதே இசைஞர்கள் தாங்களே கொண்டுவந்ததுதான், விலையோ முதல் பதிப்புக்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, எங்கே தொடங்குவது? ஒரே ஒரு லேபிளை எடுத்துக்கொண்டு அதை முழுமையாகத் தெரிந்துகொள்வதுதான் நான் கண்டவரை நல்ல வழி. என் தேர்வு எஃப்.எம்.பி. அதன் பழைய எல்.பி. எண்கள் 0010, 0020, 0030 என்று பத்துப் பத்தாகப் போகும், அதனால் எது விட்டுப்போயிருக்கிறது என்று உடனே தெரியும். 0010 என்பது மான்ஃப்ரெட் ஷூஃபின் 'யூரோப்பியன் எக்கோஸ்', 16 பேர் ஒரே நேரத்தில் வாசிக்கும் பதிவு. 0020 புரோட்ஸ்மான், ஃப்ரெட் வான் ஹோவ, ஹான் பென்னிங்க் மூவரின் 'பால்ஸ்'. இந்த ஆரம்ப எண்களில் பல விலை ஏறிவிட்டன. ஆனால் 0300-ஐத் தாண்டிய எண்களில் இன்னும் நியாயமான விலைக்குக் கிடைக்கும் அருமையான தட்டுகள் இருக்கின்றன. ஐரீன் ஷ்வைட்ஸரின் தனிப் பியானோ ஆல்பமான 'வில்டே செஞோரிட்டாஸ்' அப்படி ஒன்று. கூட்டம் இன்னும் பெரிதாகத் திரும்பிப் பார்க்காத இடத்தில்தான் சேகரிப்பவருக்கு வேலை.

லண்டன் பக்கம் போனால் இன்கஸ் லேபிள். 1970-ல் டெரிக் பெய்லி, இவான் பார்க்கர், டோனி ஆக்ஸ்லி தொடங்கியது. முதல் தட்டு 'தி டோபோகிராஃபி ஆஃப் தி லங்ஸ்'. நெதர்லாந்தில் 1967 முதல் ஐ.சி.பி., அதாவது இன்ஸ்டன்ட் கம்போசர்ஸ் பூல்: மிஷா மெங்கல்பெர்க், ஹான் பென்னிங்க், வில்லெம் பிராய்க்கர். தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டன் வந்து சேர்ந்தவர்களின் இசை வேண்டுமென்றால் பாஸ் வாசிப்பாளர் ஹாரி மில்லரும் ஹேஸல் மில்லரும் நடத்திய ஓகன். பாரிஸில் ஃப்யூச்சுரா. பி.ஒய்.ஜி. ஆக்டுவெல்லும் பாரிஸ்தான், ஆனால் அதில் பெரும்பாலும் அமெரிக்கர்கள் என்பதால் இங்கே அதற்குள் நான் போகவில்லை.

இரும்புத்திரைக்கு அந்தப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், குறைந்த பணத்தில் பெரிய இசை அங்கேதான் இருக்கிறது. போலந்தில் அரசு நிறுவனமே 'போலிஷ் ஜாஸ்' என்று வரிசை எண் போட்டு வெளியிட்டது. அதில் டொமாஷ் ஸ்டான்கோவின் 'மியூசிக் ஃபார் கே' கட்டாயம் கேட்க வேண்டியது. கிழக்கு ஜெர்மனியில் அமிகா. சோவியத் ஒன்றியத்தில் கனேலின் டிரியோ என்ற மூவர் குழுவின் தட்டுகளை அரசு நிறுவனமான மெலோடியா போட்டது. அதே டிரியோவின் பதிவு நாடாக்கள் எல்லை தாண்டி லண்டனுக்குப் போய், அங்கே லியோ ரெக்கார்ட்ஸ் அவற்றைத் தட்டாக்கியது. இந்த நாடாக்கள் வெளியானதற்கு இசைஞர்கள் பொறுப்பல்ல என்று உறையிலேயே ஒரு வரி அச்சிட்டார்கள், ஊரில் இருப்பவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதே என்று. அந்த வரியை உறையில் முதல் தடவை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

வாங்கும் முன் கேளுங்கள். எஃப்.எம்.பி.யின் பல ஆல்பங்கள் இணையத்தில் இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டலாக இருக்கின்றன. வியன்னாவின் சியென் ஃபுவேகோஸ், லண்டன் கஃபே ஓட்டோவின் ஓட்டோரோக்கு, பாரிஸின் சூஃப்ள் கோன்டின்யூ மாதிரியான இடங்கள் பழைய ஆல்பங்களை அக்கறையோடு மறுபதிப்புச் செய்கின்றன. மறுபதிப்பு வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. நான் பல ஆல்பங்களை மறுபதிப்பாகத்தான் வைத்திருக்கிறேன், மனதோடு ஒட்டிக்கொண்ட சிலவற்றுக்கு மட்டும்தான் பழைய தட்டைத் தேடிப் போகிறேன்.

இனி பழைய தட்டா, பிறகு வந்ததா என்று கண்டுபிடிப்பது. பாட்டு முடிந்து, தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள் தாளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும், அதில் கீறி எழுதிய மேட்ரிக்ஸ் எண்தான் முதல் சாட்சி. விற்பவரிடம் அதன் படத்தைக் கேளுங்கள், இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கவும் செய்யும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பதிப்புக்குப் பதிந்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். படம் தர மறுப்பவரிடம் விலையுயர்ந்த தட்டை வாங்காதீர்கள். இரண்டாவது, பின்னட்டையில் இருக்கும் முகவரி. ஜெர்மனியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் 1993 ஜூலையில்தான் வந்தது, ஆகவே 1970-களின் தட்டு என்று சொல்லும் உறையில் ஐந்து இலக்கம் இருந்தால் கதை முடிந்தது. பார்கோடும் அப்படித்தான், 1970-களின் ஐரோப்பிய உறையில் அதற்கு வேலையே இல்லை. லேபிளில் உரிமைத்தொகைச் சங்கத்தின் பெயர் இருக்கும்: ஜெர்மனிக்கு கெமா, நெதர்லாந்துக்கு ஸ்டெம்ரா, பிரான்ஸுக்கு சாசெம். நாடு மாறியிருந்தால் ஏன் என்று விசாரியுங்கள்.

மெலோடியா தட்டுகளுக்கு இன்னும் அழகான ஒரு வழி உண்டு. லேபிளில் ரஷ்ய எழுத்தில் 'கோஸ்ட் 5289' என்ற தர நிர்ணய எண்ணும், அதன் பின்னால் ஒரு கோடு போட்டு 61, 68, 73, 80, 88 என்பவற்றில் ஒன்றும் இருக்கும். அந்த விதி வந்த வருடம் அது. 73 என்றிருந்தால் 1973-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட காலத்தில் அழுத்திய தட்டு என்று கொள்ளலாம். 1970-களின் முதல் பதிப்பு என்று விற்பவர் சொல்லி, லேபிளில் 80 இருந்தால் அது பிறகு வந்தது.

தர அளவுகோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் பணம் போகிறது. மின்ட் (புத்தம் புதியது), நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி. (வெரி குட்), குட் என்று இறங்கும் அந்த வரிசையில் 'குட்' என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, தேய்ந்துபோனது என்று அர்த்தம். தட்டுக்கும் உறைக்கும் தனித்தனித் தரம் போடுவார்கள், இரண்டையும் படியுங்கள். ஆனால் எந்தப் பட்டியலும் சொல்லாத ஒன்று இருக்கிறது: எந்தத் தரம் போதும் என்பதை இசைதான் முடிவு செய்கிறது. 'மெஷின் கன்' மாதிரி எட்டுப் பேர் மூச்சு விடாமல் முழங்கும் தட்டில் வி.ஜி. தரத்துச் சின்னச் சின்னப் பொரிச்சல் உங்கள் காதுக்கே வராது, அங்கே மலிவாக வாங்கிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். டெரிக் பெய்லியின் தனி கிடாரில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் இருக்கும் மௌனமும் இசைதான், அந்த மௌனத்தில் ஒவ்வொரு கீறலும் பேசும். எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. புரோட்ஸ்மானும் பென்னிங்கும் 1977-ல் ஜெர்மனியின் கருங்காட்டுக்குள் போய் மரத்தையும் தண்ணீரையும் தட்டி, பறவைகளோடு சேர்ந்து வாசித்த 'ஷ்வார்ட்ஸ்வால்ட்ஃபார்ட்' தட்டை ஒரு விற்பனையாளரிடம் வி.ஜி. பிளஸ் என்று நம்பி வாங்கினேன். பார்க்க மினுமினுவென்று இருந்தது. ஊசியை வைத்ததும் காடு முழுக்க அப்பளம் பொரிவது போல ஒரு சத்தம், பழைய தேய்ந்த ஊசியால் பல தடவை ஓட்டப்பட்ட தட்டு அது, கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். அதிலிருந்து, மெதுவான இசையுள்ள தட்டென்றால் "ஓட்டிக் கேட்டுத் தரம் போட்டீர்களா, வெறும் கண்ணால் பார்த்தா?" என்று கேட்காமல் வாங்குவதில்லை. கண்ணால் மட்டும் பார்த்தேன் என்றால் ஒரு படி கீழே வைத்துத்தான் விலை பேசுவேன்.

விலையைப் பொறுத்தவரை டிஸ்காக்ஸில் ஒவ்வொரு பதிப்புக்கும் இதுவரை விற்ற விலைகள் இருக்கும். அதில் நடுவிலை என்று காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அதில் எல்லாத் தரமும் கலந்திருக்கும். உள்ளே போய் நீங்கள் வாங்கப்போகும் தரத்தில் கடைசியாக எத்தனைக்குப் போனது என்று பாருங்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. பழைய ஏல விலைகளுக்கு பாப்சைக் தளம் உதவும். டிஸ்காக்ஸில் உங்களுக்கு வேண்டியவற்றின் பட்டியலில் தட்டைச் சேர்த்துவிட்டுக் காத்திருங்கள், ஒரு வருடம் ஆனாலும் பரவாயில்லை.

நேரில் போக வாய்ப்பிருந்தால் நெதர்லாந்தின் உட்ரெக்ட் இசைத்தட்டுச் சந்தை வருடம் இருமுறை நடக்கிறது, ஐரோப்பா முழுவதிலிருந்தும் விற்பவர்கள் வந்து குவிவார்கள். லண்டனில் ஆனஸ்ட் ஜான்ஸ், பாரிஸில் சூஃப்ள் கோன்டின்யூ கடை. ஜெர்மனியின் மோர்ஸ் விழா மாதிரியான இடங்களில் கச்சேரி முடிந்ததும் மேசையில் இசைஞர்களே தட்டு விற்றால் முதலில் அங்கே வாங்குங்கள். பணம் நேராக அவர்கள் கைக்குப் போகும், அந்த லேபிள்களை அவர்கள் ஆரம்பித்ததே அதற்காகத்தான்.

தபாலில் வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். 2021 முதல் பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நடுவில் சுங்கமும் வரியும் சேர்கின்றன, ஒன்றியத்துக்கு உள்ளேயே வாங்கினால் சுங்கத் தொல்லை இல்லை. ஒன்றியத்துக்கு வெளியே வரவழைப்பவர்கள் உங்கள் நாட்டு இறக்குமதி வரியையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் போட வேண்டும்.

வந்ததும் நேராக ஊசிக்குக் கீழே வைக்காதீர்கள். ஐம்பது வருடத்துத் தூசியும் கைரேகையும் பள்ளத்துக்குள் இருக்கும், ஈரமாகக் கழுவித்தான் எடுக்க வேண்டும். தட்டைக் கையால் சுற்றிக் கழுவும் நோஸ்டி என்ற தொட்டி போதும், விலையும் குறைவு. காய்ச்சி வடித்த நீரைத்தான் பயன்படுத்துங்கள், குழாய் நீர் காய்ந்தால் உப்பை விட்டுவிட்டுப் போகும். லேபிள் நனையக் கூடாது. அப்புறம் பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் அந்தத் தட்டின் வரலாறு. தட்டைப் புது உள்ளுறையில் போட்டு, பழையதை அட்டைக்குள் தனியாக வையுங்கள். வெளியே போடும் பிளாஸ்டிக் உறை பி.வி.சி.யாக இருக்கக் கூடாது, நாளாக நாளாக அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டில் புகைபோல் படிந்துவிடும், கழுவினாலும் போகாது. பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்கி, தட்டுகளை நேராக நிற்க வையுங்கள், சாய்க்காதீர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.