தவக்காலம், பெரிய வெள்ளி, ஈஸ்டர்: நம்ம ஆளுங்க வழக்கமா சறுக்குற இடங்கள்

பெரிய வெள்ளி காலைல போனை எடுத்தா போதும், ஆபீஸ் குரூப், பழைய ஸ்கூல் குரூப்னு எல்லாத்துலயும் "ஹேப்பி குட் ஃப்ரைடே"னு பூங்கொத்து படம் வரிசையா வந்து நிக்கும். அனுப்புறவங்க நல்ல மனசோடதான் அனுப்புறாங்க, குறை சொல்லல, ஆனா அது இயேசு சிலுவைல உயிர் விட்ட நாளுங்க. தர்மபுரி, கோவிலூர், எலத்தகிரினு எந்த கத்தோலிக்க கோயிலுக்கு அன்னிக்கு போனாலும் திருப்பலி பூசை கிடையாது, பீடத்துல விரிப்பு கூட இருக்காது, வியாழக்கிழமை ராத்திரியோட மணி நின்னுடும், அதுக்கு பதிலா மரக்கட்டையத்தான் தட்டுவாங்க. யோவான் எழுதின பாடுகளோட வரலாறு வாசிப்பாங்க, எல்லாரும் வரிசைல போய் சிலுவைக்கு முத்தம் கொடுப்பாங்க, முந்தின நாளே பூசைல எடுத்து வச்ச நற்கருணை அப்பத்தைத்தான் கொடுப்பாங்க. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்கள்னா மதியம் 12 மணிலேர்ந்து 3 மணி வரைக்கும் சிலுவைல சொன்ன ஏழு வார்த்தை மேல ஆராதனை நடக்கும். வாழ்த்தெல்லாம் இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கோங்க. வெள்ளிக்கிழமை "கோயிலுக்குப் போய்ட்டு வந்துட்டீங்களா"னு கேட்டா அதுவே போதும்.

அடுத்தது தவக்காலத்தோட, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தோட 40 நாள் கணக்கு, வருஷா வருஷம் சண்டை இதுலதான். நெத்தில சாம்பல் பூசி தவக்காலத்தை ஆரம்பிக்கிற சாம்பல் புதன்லேர்ந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரைக்கும் எண்ணிப் பார்த்தா 46 நாள் வருது, சாமியார் 40னு சொல்றாரேனு கேப்பாங்க. ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பு நாள், அன்னிக்கு நோன்பு கிடையாது, அந்த 6 ஞாயித்தைக் கழிச்சா இயேசு வனாந்தரத்துல இருந்த 40 நாள் கணக்கு வந்துடும். ஓசூர்ல இருக்குற சீரோ மலபார்ங்கிற கத்தோலிக்கப் பிரிவைச் சேர்ந்த மலையாளி குடும்பங்க புதன்கிழமை வரைக்கும் காத்திருக்காம திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடுவாங்க, 50 நோன்புனு சொல்வாங்க, அது அவங்க வழக்கம், தப்பா எண்ணிட்டாங்கனு நாம போய் திருத்த வேண்டாம். பெந்தெகொஸ்தே சபைக்காரங்க நிறைய பேர் இந்தக் காலத்தையே தனியா அனுசரிக்கிறதில்ல, உபவாச ஜெபம் அவங்களுக்கு வருஷம் பூரா உண்டு. இதுல யாரு பெருசுனு வாதாடுறது வேஸ்ட்.

பெரிய தப்பு சாப்பாட்டு விஷயத்துலதான் நடக்குது. 2026ல சாம்பல் புதன் பிப்ரவரி 18, ரம்ஜான் நோன்பும் அதை ஒட்டியே ஆரம்பிச்சுது, கிருஷ்ணகிரில பக்கத்து பக்கத்து வீட்டுலயே ரெண்டு நோன்பும் நடந்திருக்கும், அதனால "நீங்க மட்டும் எப்படி தண்ணி குடிக்கிறீங்க"னு கேக்குறவங்க கேக்கத்தான் செய்வாங்க. ரெண்டும் வேற வேற முறைங்க. கத்தோலிக்க சட்டப்படி ஒருசந்தி கட்டாயம்ங்கிறதே ரெண்டே நாள்தான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும், அதுவும் 18 வயசு முடிஞ்சவங்கள்லேர்ந்து 59 வயசு வரைக்கும். ஒருசந்தின்னா ஒரு வேளை முழுச் சாப்பாடு, மத்த நேரம் கொஞ்சமா ஏதாவது, தண்ணிக்குத் தடை இல்ல. கறி தவிர்க்கிற சுத்தபோசனம் 14 வயசுலேர்ந்து. சுகர் மாத்திரை போடுறவங்க, இன்சுலின் எடுக்கிறவங்க, மாசமா இருக்குறவங்க, பால் கொடுக்கிறவங்க பட்டினி கிடக்கணும்னு எந்த சாமியாரும் சொல்ல மாட்டார், வீட்டுப் பெரியவங்கதான் விட மாட்டேங்குறாங்க.

இன்னொரு கூத்து, கறி இல்லனு சொல்லிட்டு இறால் தொக்கு, வஞ்சிரம் வறுவல், பன்னீர் பிரியாணினு இலைய நிரப்புறது. சட்டப்படி மீனுக்குத் தடை இல்ல, சரிதான், ஆனா கறியை விட செலவு ஜாஸ்தி ஆச்சுன்னா அப்புறம் என்னத்துக்கு அந்த நோன்பு? ஏசாயா 58ஆம் அதிகாரத்தை ஒரு தடவை எடுத்துப் படிங்க, பசிச்சவனுக்கு உன் சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுக்குறதுதான் நோன்புனு நேரடியாவே சொல்லியிருக்கு. மத்தேயு 6லயும் தர்மம், ஜெபம், நோன்பு மூணும் ஒண்ணாத்தான் வருது, நாமதான் மெனுவை மட்டும் புடிச்சுக்கிட்டோம். கோயில்ல கொடுக்குற தவக்கால உண்டியலை சாமி படத்துக்குப் பக்கத்துல சும்மா வச்சிட்டு கடைசி வாரத்துல ஒரே ஒரு நோட்டை மடிச்சுப் போடாம, வெள்ளிக்கிழமை ராகி களியும் கீரைக் கடைசலும் மட்டும் வச்சு, அன்னிக்கு கறிக்கடைல மிச்சமான காசை அன்னிக்கே உள்ள போட்டுடுங்க, நோன்பு எதுக்குனு புள்ளைங்களுக்கும் தானா புரியும்.

சாம்பல் விஷயம் ஒண்ணு சொல்லணும். போன வருஷம் குருத்து ஞாயித்துல, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ஞாயித்துல கொடுத்த குருத்தோலைய வீட்டுக் கதவுல காய விட்டு வச்சிருப்போமே, கோயில்ல அதைக் கேட்டு வாங்குறது எரிச்சு இந்தச் சாம்பல் எடுக்கத்தான், அதனால குப்பைல போடாதீங்க. நெத்தில பூசுறது ஆசீர்வாதத்துக்காகவோ திருஷ்டி போகவோ இல்ல, நீ மண்ணு, மண்ணுக்கே போவனு ஞாபகப்படுத்த. அன்னிக்கு பூசைல வாசிக்கிறதே நோன்பை வெளிய காட்டிக்காதேங்கிற பகுதிதான், அதைக் கேட்டுட்டு வாசல்லயே நின்னு செல்ஃபி எடுக்குறவங்கள என்ன சொல்ல!

வெள்ளி மதியம் 3 மணி ஆனதும் எல்லாம் முடிஞ்சுதுனு மட்டன் எடுக்கக் கிளம்புறதும் நடக்குது. வெள்ளி முழுசும் நோன்பு நாள்தான், சனிக்கிழமை கல்லறைல காத்திருக்குற நாள், சனி ராத்திரி புதுத் தீ மூட்டி பாஸ்கா திரிங்கிற பெரிய மெழுகுவர்த்திய ஏத்தினப்புறம்தான் ஈஸ்டர். முட்டை கூட அப்படி வந்ததுதான், அந்தக் காலத்துல ஐரோப்பால 40 நாளும் முட்டையும் விலக்கு, கோழி இட்டதெல்லாம் சேர்ந்து போய் ஈஸ்டருக்கு வெளிய வந்துச்சு. ஈஸ்டரும் ஒரு நாளோட முடியல, பெந்தெகொஸ்தே திருநாள் வரைக்கும் 50 நாள் ஓடும், நோன்புக்கு இருக்குற கவனம் இதுக்கு யாருக்கும் இல்ல.

தேதி ஏன் வருஷா வருஷம் மாறுதுன்னா, மார்ச் 21 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமிய அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். நம்ம காலண்டர்ல பெரும்பாலும் பங்குனி உத்திரத்தை ஒட்டியே வரும். பௌர்ணமிய சர்ச் தன்னோட அட்டவணைலதான் பார்க்குது, அதனால வானத்துப் பௌர்ணமியோட ஒரு நாள் முன்ன பின்ன இருக்கலாம். 2027ல ஈஸ்டர் மார்ச் 28, சாம்பல் புதன் பிப்ரவரி 10, அதாவது பத்தாவது பன்னெண்டாவது பசங்க பரீட்சைக்குப் படிக்கிற நேரம், அவங்களைப் பட்டினி போடாம செல்போனை விடச் சொல்லுங்க.