முதல் இரண்டு நிமிடம்: இண்டர்வியூ நடுக்கத்துக்கு ஒரு செய்முறை

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. டிப்ளோமா முடித்த கையோடு எனக்கு முதல் இண்டர்வியூ. உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொடுத்தார்கள். மரியாதைக்கு எடுத்தேன். கை ஆடியது, பாதித் தண்ணீர் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ் நகலின் மேல். எதிரே இருந்த மேடம் டிஷ்யூவை நீட்டினார். அதன் பிறகு அவர் கேட்ட எதுவும் காதில் ஏறவில்லை. என் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன், ஊர் பட்டர்வொர்த் என்றேன். அதோடு வாய் நின்றுவிட்டது. முடிவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஏழெட்டு இண்டர்வியூ பார்த்துவிட்டேன். இப்போது சில நாள் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்காருகிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: நடுக்கம் கடைசிவரை நிற்பதில்லை, முதல் இரண்டு நிமிடத்தில்தான் ஆட்டம் போடும். அதைத் தாண்டினால் பேச்சு தானாகப் பேச்சை இழுத்துக்கொண்டு போகும். அதனால் கீழே உள்ள எல்லாமே அந்த இரண்டு நிமிடத்தைக் கடப்பதற்கான ஏற்பாடு.

படி 1: விண்ணப்பத்தை அனுப்புங்கள், நோட்டில் எழுதுங்கள்

பலருக்குப் பயம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. விளம்பரத்தில் பத்துத் தகுதி கேட்டிருப்பார்கள், நம்மிடம் ஆறு இருக்கும், விரல் பட்டனுக்கு மேலேயே நிற்கும். அனுப்பிவிடுங்கள். அந்தப் பத்தில் பாதி அவர்களின் ஆசைப்பட்டியல். மாண்டரின் தெரிந்தால் கூடுதல் சிறப்பு என்று போட்டிருந்தாலும் தயங்காமல் அனுப்பலாம். மாண்டரின் பேசும் வாடிக்கையாளர்களைக் கவனிப்பதே வேலை என்றால் மட்டும் அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.

ஜாப்ஸ்ட்ரீட் தளத்தில் வேலை தேடுகிறவர்கள், பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தையும் பாருங்கள், காசு கிடையாது. எங்கே அனுப்பினாலும் ஒரு பள்ளி நோட்டில் கம்பெனி பெயர், வேலை, தேதி, கேட்ட சம்பளம் நான்கையும் எழுதி வையுங்கள். காரணம் அடுத்த படியில்.

படி 2: போன் வரும்போது

நாசி கண்டார் கடை வரிசையில் நிற்கிறீர்கள். கையில் தட்டு, முன்னால் குழம்புக் கரண்டி. 04-இல் தொடங்கும் தெரியாத எண் அடிக்கிறது. எடுத்தால், நீங்கள் மூன்று வாரத்துக்கு முன் அனுப்பி மறந்தே போன கம்பெனி. முழிப்பீர்கள்.

அந்த நேரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: வெளியே இருக்கிறேன் மிஸ், பத்து நிமிடத்தில் நானே கூப்பிடட்டுமா? மலாயிலும் ஆங்கிலத்திலும் இதைச் சொல்லிப் பழகி வையுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் நோட்டைத் திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டு கூப்பிடுங்கள். எந்த கேட் வழியாக வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்த மொழியில் பேசுவார்கள், எழுத்துத் தேர்வு உண்டா என்ற நாலையும் கேட்டுவிடுங்கள். பாதிப் பயம் தெரியாத விஷயங்களைப் பற்றியதுதான்.

படி 3: முதல் பதிலைத் தயார் செய்யுங்கள்

நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான். எங்கே போனாலும் முதலில் விழுவது உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற கேள்வி. மலாயில் ‘செரித்தா சிகிட் பாசால் டிரி அவாக்’.

பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒருத்திக்கு ஸ்டோர் கிளார்க் வேலைக்கு இண்டர்வியூ. பயிற்சிக்கு என் வீட்டு வாசலில் உட்கார வைத்தேன். ஆரம்பித்தாள்: "நான் மூன்று பேரில் மூத்தவள், அப்பா லாரி ஓட்டுகிறார், எனக்குப் படம் பார்ப்பது பிடிக்கும்..." ஸ்டோருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? "சரிம்மா, இதுவரை என்ன வேலை செய்திருக்கிறாய்?" என்று துருவித் துருவிக் கேட்டபோது கடைசியில் இது வந்தது:

"மளிகைக் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். மாதக் கடைசியில் சரக்கு எண்ணுவது என் வேலை. ஒரு மாதம் பால் டின் கணக்கு நாற்பது பெட்டி இடித்தது. ரசீதை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரே டெலிவரியை இரண்டு தடவை பதிந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். இங்கேயும் அதே மாதிரி வேலை என்பதால்தான் விண்ணப்பித்தேன்."

இருபது, முப்பது விநாடிதான். பால் டின் கதை வந்ததும் யாராக இருந்தாலும் நிமிர்ந்து உட்காருவார்கள்; அடுத்த கேள்வியும் அதிலிருந்தே வரும், அதற்குப் பதில் அவளுக்குத் தெரியும்.

உங்களுடையதையும் இப்படி எழுதுங்கள்: எங்கே இருந்தேன், என்ன செய்தேன், ஒரு சம்பவம், ஏன் இங்கே வந்தேன். வேலை அனுபவமே இல்லையென்றால் கல்லூரி புரோஜெக்ட், கோவில் திருவிழாவில் பார்த்த பொறுப்பு, எதுவாகவும் இருக்கட்டும். முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் மறந்தால் மொத்தமும் சரிந்துவிடும். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மீதிக்கு மூன்று சொல் போதும். அவளுக்கு ‘சரக்கு, பால் டின், ரசீது’.

வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் எல்லோருமே நன்றாகத்தான் பேசுகிறோம். ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று மூன்று நாள், மலாயிலும் ஆங்கிலத்திலும், போனில் பதிந்து கேளுங்கள். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. எனக்கும்தான்.

படி 4: சம்பளக் கேள்வி

‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்’ என்றதும் வாய் குழறுவதற்குக் காரணம், கையில் ஓர் எண் இல்லாததுதான். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். அதே மாதிரி வேலைக்கு விளம்பரங்களில் என்ன போடுகிறார்கள் என்று பார்த்து, ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். இபிஎஃப்புக்கு (சேமநிதி) உங்கள் பங்கு 11 விழுக்காடு போகும். 2,500 என்றால் 275 அங்கேயே கழியும், பெர்கேசோ சந்தா தனி. கைக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்த பிறகு எண்ணைத் தீர்மானியுங்கள்.

படி 5: உடம்பை என்ன செய்வது

நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வேர்ப்பதும் அட்ரினலின் செய்யும் வேலை. அதை அதட்டி அடக்க முடியாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். அதனால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஏழு எட்டு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். காத்திருக்கும் நாற்காலியில் ஐந்தாறு தடவை செய்தால் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. ‘பயப்படாதே, அமைதியாக இரு’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது எனக்கு ஒருநாளும் பலித்ததில்லை. ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கும் கரோக்கே பாட்டுக்கும் முன்னால் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளப் பார்த்தவர்களைவிட, உற்சாகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடப்பு இரண்டுக்கும் ஒன்றுதானே, பெயரை மாற்றினால் போதும்.

காலையில் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) வேண்டாம், வழக்கமாகக் குடிக்கிறவர்கள் பாதிக் கிளாஸோடு நிறுத்துங்கள். தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்லி மேசையிலேயே விட்டுவிடுங்கள். இது அனுபவம்.

படி 6: ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

நம் ஆட்களிடம் சொன்னால் தாமான் (குடியிருப்பு) முழுக்கத் தெரிந்துவிடும். மாலையில் ஐந்து பேர் "என்னாச்சு தம்பி?" என்பார்கள். அந்த ஐந்து பேரையும் சுமந்துகொண்டுதான் உள்ளே போய் உட்காருவீர்கள். நான் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வட்டாரம் 1972-இல் வந்தது. அம்மா எண்பதுகளில் அங்கே சேர்ந்தவர். "எங்க காலத்துல ஐசிய, அதான் அடையாள அட்டைய, காட்டுனா வேலை, என்னடா பெரிய பயம்?" என்றார். ஆறுதலாக இல்லை, ஆனால் சிரிப்பு வந்தது.

படி 7: அன்றைக்கு

பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து தீவுக்குப் போகும் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நடுவில் ஒரு லாரி நின்றுவிட்டால் திரும்பவும் வழியில்லை. முதல் நாளே அதே நேரத்தில் ஒருமுறை போய் கேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். மோட்டாரில் போகிறவர்கள் மாற்றுச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் வையுங்கள். அரை மணி முன்னால் சேர்ந்துவிடலாம், ஆனால் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனால் போதும்.

பேச்சின் நடுவில் மூளை வெள்ளைத்தாளாகிவிட்டால் ‘போலே உலாங் செகாலி லாகி, புவான்?’ (இன்னொரு தடவை சொல்ல முடியுமா, மேடம்?) என்று கேளுங்கள். திரும்பச் சொல்லும் நேரத்தில் உங்களுக்கு மூச்சு வந்துவிடும். கொஞ்சம் படபடப்பாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாலும் தப்பில்லை. என்னிடம் அப்படிச் சொன்னவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்ததில்லை. பதில் தெரியாமல் சுற்றி வளைத்தவர்களுக்குக் குறைத்திருக்கிறேன்.

முடிந்ததும் மோட்டாரை எடுக்கும் முன் கேட்ட கேள்விகளை நோட்டில் எழுதுங்கள், ஒரு மணி நேரத்தில் பாதி மறந்துவிடும். ஒரு வாரம் சத்தமே இல்லையென்றால் நீங்களே போன் செய்து கேளுங்கள்.

அப்புறம், கேட்டில் காவலரிடம் பாஸைக் கொடுத்துவிட்டு, உள்ளே வரும்போது கொடுத்த லைசென்ஸைத் திரும்ப வாங்குங்கள். அந்தத் தண்ணீர் கொட்டிய நாளில், பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் என் சட்டையில் பாஸ் தொங்குவதைப் பார்த்தேன்.